முதலாளியைத் தேடிய 74,000 பேர்



மும்பை, பெங்களூர், டெல்லி, புனே என்று பிழைப்பைத் தேடி வந்து குடியேறிய நம் குடும்பங்களில், பிறர் வீட்டில் நோயாளியையும் மாற்றுத்திறனாளியையும் பராமரித்துச் சம்பாதிக்கிற சகோதரிகள் அநேகர். அந்த வேலைக்கு ஒரே பெயர் கிடையாது. ஓரிடத்தில் ஆயாம்மா என்பார்கள்; மும்பையில் மாவ்ஷி என்று கூப்பிடுவார்கள்; ஏஜென்சி எழுதித் தருகிற சீட்டில் அட்டெண்டர் என்றோ ஹோம் நர்ஸ் என்றோ இருக்கும். பக்கவாதத்தில் விழுந்தவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும், கால் வராத வாலிபனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் அமர்த்துவதும், மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைக்குச் சோற்றை மசித்து ஊட்டுவதும், குளிப்பாட்டித் துணி மாற்றுவதும் அவர்கள் வேலை. பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி, சில இடங்களில் இருபத்து நான்கு மணி நேர ட்யூட்டி.

அப்படிப்பட்ட ஒரு சகோதரியிடம் நீங்கள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "உங்கள் முதலாளி யார்?" உடனே பதில் வராது. அந்த வீட்டாரைக் கேட்டால், "நாங்கள் ஏஜென்சிக்கு மாதாமாதம் பணம் கட்டிவிடுகிறோம், மற்றதெல்லாம் அவர்கள் பொறுப்பு" என்பார்கள். ஏஜென்சியைக் கேட்டால், "நாங்கள் ஆளை அறிமுகம் செய்து வைக்கிறோம், அவ்வளவுதான்" என்பார்கள். நோயாளியைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக விடுப்பு யார் தருவது? கூலியை உயர்த்திக் கேட்பதென்றால் யாரிடம் கேட்பது? முதலாளி இன்னாரென்று தெரியாதவரைக்கும் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் விடை கிடையாது.

இதே கேள்வியை நீதிமன்றத்திலேயே கேட்டு, "உங்களுக்கு முதலாளி இல்லை" என்ற பதிலைப் பெற்று, அதன்பின் சட்டத்தை மாற்றித் தங்களுக்கென்று ஒரு முதலாளியை உண்டாக்கிக்கொண்ட ஒரு கூட்டத்தாரின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர்கள் நம் நாட்டவர் அல்லர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்திலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் மாற்றுத்திறனாளிகளையும் முதியோரையும் வீட்டில் பராமரித்துவந்த எளிய பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்து குடியேறினவர்களும் கறுப்பினத்தவருமே. ஆகையால் அவர்கள் கதை நமக்கு அந்நியமானதல்ல.

முதலில் அந்த ஊர் ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். கலிபோர்னியா அரசு 1973-இல் வீட்டு ஆதரவுப் பணித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. ஐ.எச்.எஸ்.எஸ். என்ற சுருக்கப் பெயரால் அது வழங்குகிறது. வருமானம் குறைந்த முதியோரும் பார்வையற்றோரும் உடல் ஊனமுற்றோரும் ஏதோ ஒரு விடுதியில் கொண்டுபோய்த் தள்ளப்படாமல், தங்கள் சொந்த வீட்டிலேயே வாழ்வதற்கு ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ள அரசு பணம் தரும். கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். குளிக்க இத்தனை நிமிடம், உடுத்த இத்தனை நிமிடம், சமைக்க, கடைக்குப் போக, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல இவ்வளவு நேரம் என்று கணக்கிட்டு மாதத்துக்கு இத்தனை மணி என்று எழுதிக் கொடுப்பார். எவ்வளவு கடுமையான ஊனமானாலும் 283 மணிக்கு மேல் கிடையாது. ஆளைத் தேர்ந்துகொள்வதும், வேலை சொல்லிக் கொடுப்பதும், பிடிக்காவிட்டால் நிறுத்துவதும் உதவி பெறுகிறவர் கையில் இருந்தது. சம்பளக் காசோலையோ மாநில அரசிடமிருந்து வந்தது. அந்தப் பணமும் மத்திய அரசு, மாநில அரசு, கவுண்டி என்ற மூன்று பைகளிலிருந்து சேர்ந்த பணம்.

உதவி பெறுகிறவரே ஆளைத் தேர்ந்துகொள்கிறார் என்பதைச் சிறிய காரியமாக எண்ணிவிடாதிருங்கள். அதற்குப் பின்னால் ஒரு பெரிய போராட்டம் இருந்தது. எட் ராபர்ட்ஸ் என்பவர் 1939-இல் பிறந்து, 14 வயதில் இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தவர். இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரத்துக்குள் படுத்தே இரவைக் கழிக்க வேண்டியிருந்தவர். 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்றபோது அவரைத் தங்கவைக்க மாணவர் விடுதியில் வசதியில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியாயிற்று. அவரும் அவரைப் போன்ற தோழர்களும் 1972-இல் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு மையம் ஒன்றை உருவாக்கினார்கள். "எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை மருத்துவரோ அதிகாரியோ முடிவு செய்ய வேண்டியதில்லை, எங்களைத் தொட்டுத் தூக்குகிறவரை நாங்களே தேர்ந்துகொள்வோம்" என்பது அவர்கள் கொள்கையின் சாரம். அப்படிப்பட்டவரையே 1975-இல் கலிபோர்னியா ஆளுநர் மாநில மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநராக நியமித்தார்.

படுக்கையில் இருப்பவனுக்கு என்ன தெரியும் என்று நாமே எத்தனை வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம்! அவரைக் குளிப்பாட்டும் நேரத்தைக்கூட அவரைக் கேட்காமல் நிச்சயிக்கிறோம். பெர்க்லி வாலிபர்கள் அதற்கு எதிராக எழும்பினார்கள். ஆகவே பின்னால் பணியாளர் சங்கம் என்ற பேச்சு வந்தபோது மாற்றுத்திறனாளிகள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. அதைப் பின்பு சொல்கிறேன்.

மாற்றுத்திறனாளிகளுக்குக் கண்ணியம் தந்த அந்த ஏற்பாடு, பணியாளரின் பக்கத்தில் பெரிய பள்ளம் ஒன்றை விட்டுவிட்டது. ஒரு தொழிற்சாலையில் ஆயிரம் பேர் ஒரே வாசலில் நுழைகிறார்கள். உணவு வேளையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். இங்கே ஒவ்வொரு வீடும் ஒரு தொழிற்சாலை, அதில் ஒரே ஒரு தொழிலாளி. அடுத்த தெருவில் அதே வேலையைச் செய்கிறவளை இவள் அறியாள். சம்பளமோ சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே நின்றது. நோய் விடுப்பு இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. பிறருடைய சரீரத்தைப் பேணுவதே தொழிலாக உடையவள் தனக்குச் சுகவீனம் வந்தால் மருத்துவரிடம் போக வழியில்லாதிருந்தாள். பணியாளரில் பெரும் பகுதியினர் அந்த நோயாளிக்குத் தாயாகவோ மகளாகவோ சகோதரியாகவோ இருந்தபடியால், கவுண்டி எழுதிக் கொடுத்த மணிக்கணக்கு முடிந்ததும் எழுந்து போய்விட அவர்களால் ஆகாது. கணக்கில் வராத மணிகளுக்குக் கூலி ஏது?

கதவு கதவாக

சர்வீஸ் எம்ப்ளாயீஸ் இன்டர்நேஷனல் யூனியன் என்ற பெரிய தொழிற்சங்கம் 1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இந்தப் பணியாளரைச் சேர்க்கத் தொடங்கியது. அமெரிக்காவில் ஒரு தேசியச் சங்கத்துக்கு ஊர்தோறும் கிளைச் சங்கங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். அதை 'லோக்கல்' என்பார்கள். இவர்களுடைய சங்கத்துக்குப் பின்னாளில் லோக்கல் 434-பி என்று பெயராயிற்று. ஆட்களைத் தேடுவதே பெரும்பாடாக இருந்தது. தொழிற்சாலை வாசல் இல்லாதபடியால், முதியோர் மையங்களிலும் மருத்துவர் அறைகளிலும் சந்தைகளிலும் திருச்சபைகளிலும் போய்த் தேடினார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். ஸ்பானிய மொழி பேசுகிறவர், ஆர்மீனியர், சீனர், கொரியர் என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் பேச ஆள் வேண்டியிருந்தது. ஆயினும் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். ஒரே பட்டணத்தில் தன்னைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையே அவர்கள் அப்போதுதான் அறிந்தார்கள்.

சேர்ந்தாயிற்று, இனி யாரிடம் பேசுவது? கவுண்டி நிர்வாகத்திடம் போனார்கள். "நீங்கள் எங்கள் ஊழியர் அல்லர்" என்று கவுண்டி கைவிரித்தது. வழக்குத் தொடுத்தார்கள். 1990-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கூட்டுப் பேரத்தைப் பொறுத்தவரை இவர்கள் கவுண்டியின் பணியாளர் அல்லர். அப்படியானால் முதலாளி அந்தச் சக்கர நாற்காலியில் இருப்பவரா? அவர் ஆளை வைக்கலாம், நிறுத்தலாம். ஆனால் கூலியை ஒரு காசு உயர்த்த அவரால் ஆகாது, ஏனென்றால் பணம் அவருடையதல்ல. பணம் வைத்திருக்கும் அரசோ, வேலை வாங்குவது நானல்ல என்கிறது. பந்து ஒருவர் காலிலிருந்து மற்றொருவர் காலுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் அநேக சங்கங்கள் சோர்ந்து கலைந்துபோயிருக்கும். இவர்கள் செய்த புத்தியான காரியம் என்னவென்றால், நீதிமன்றத்தில் கிடைக்காததைச் சட்டசபையில் தேடியதும், அதற்குத் தாங்கள் பராமரித்தவர்களையே துணைக்கு அழைத்ததுமாகும்.

அது எளிதில் நடக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் தொடக்கத்தில் சங்கத்தைச் சந்தேகத்தோடே பார்த்தன. அவர்கள் கேள்விகள் கூர்மையானவை. பணியாளர் வேலைநிறுத்தம் செய்தால் காலையில் எங்களைப் படுக்கையிலிருந்து எழுப்புவது யார்? என்னை அவமதிக்கிற ஆளை நான் நிறுத்தினால், சங்கம் வந்து அவளைத் திரும்பவும் என் வீட்டுக்குள் அனுப்புமா? கூலி உயர்ந்தால் அரசு என் மணிக்கணக்கைக் குறைத்துவிடாதா? வேலைநிறுத்தத்தால் ஆலை முதலாளிக்கு இலாபம் போகலாம். இங்கேயோ கழுத்துக்குக் கீழே அசைவற்ற ஒரு மனிதன் நனைந்த படுக்கையில் கிடப்பான். இரண்டும் ஒன்றல்ல.

சங்கம் இவற்றைத் தட்டிக் கழிக்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கிற பகுதி. இரு தரப்பாரும் உட்கார்ந்து பேசினார்கள். அதில் விளைந்த யோசனைதான் பொது அதிகார அமைப்பு. கவுண்டி ஒரு தனி அமைப்பை உண்டாக்கும்; அதுவே கூலி பேசுவதற்கு மட்டும் பணியாளரின் முதலாளியாக நிற்கும். ஆனால் ஆளைத் தேர்வதும் வேலை சொல்வதும் நிறுத்துவதும் முன்போலவே உதவி பெறுகிறவரிடமே இருக்கும். சங்கம் அதில் கை வைக்காது. அந்த அமைப்புக்கு வழிகாட்டும் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் உதவி பெறுகிறவர்களாகவே இருக்க வேண்டும். வேலை தேடுவோரின் பட்டியல் ஒன்றையும் அவ்வமைப்பு வைத்திருக்கும். நம்பகமான ஆள் கிடைக்காமல் தவிக்கும் மாற்றுத்திறனாளிக்கு அது பெரிய உதவி. அதாவது ஒரு முதலாளியின் வேலை இரண்டாகப் பகுக்கப்பட்டது. அதிகாரம் ஒருவரிடமும் பணப் பொறுப்பு மற்றொருவரிடமும் சட்டப்படி வைக்கப்பட்டன.

1992-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் இத்தகைய அமைப்புகளுக்கு இடமளித்தது. ஆனால் கட்டாயமாக்கவில்லை, விரும்பிய கவுண்டி செய்துகொள்ளலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி 1997-இல்தான் செய்தது. அதன்பின் தபால் மூலம் வாக்கெடுப்பு நடந்தது. 1999 பிப்ரவரி மாதத்தில் முடிவு வெளியாயிற்று. சங்கத்துக்கு ஆதரவாக 16,250 வாக்குகள், எதிராக 1,925. ஒரே நாளில் 74,000 பேர் சங்கத்துக்குள் வந்தார்கள். 1930களில் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கம் கண்ட வெற்றிக்குப்பின் அமெரிக்காவில் இவ்வளவு பெரிய சேர்க்கை நடந்ததில்லை என்று அந்நாளில் பேசப்பட்டது. (வாக்களித்தவர் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதையும் கவனியுங்கள். வேலை முடிந்து களைத்து வந்தவளுக்குத் தபாலைப் பிரித்துப் பார்க்கவும் நேரம் வேண்டுமே.) முதல் கதவைத் தட்டி ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே 1999-இல் வந்த மற்றொரு சட்டம், மாநிலத்தின் ஒவ்வொரு கவுண்டியும் 2003-க்குள் இப்பணியாளருக்கு ஒரு முதலாளியைக் காட்டியாக வேண்டும் என்று விதித்தது.

வெற்றிக்குப் பின்

வெற்றி கிடைத்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. கூலி குறைந்தபட்ச அளவைவிட மெல்ல மெல்லத்தான் மேலேறியது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2002-இல் மருத்துவக் காப்பீடு வந்தது. அதுவும் போதிய மணிகள் வேலை செய்தவர்களுக்கே. கூலி கவுண்டிக்குக் கவுண்டி வேறுபட்டது.

2009-இல் பொருளாதார நெருக்கடியின்போது, கூலியில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள மாநில அரசு முயன்றது. கூலி குறைந்தால் நல்ல பணியாளர் விலகிப் போவார்கள். விலகினால் பாதிக்கப்படுவது யார்? ஆகையால் அதை எதிர்த்த வழக்கில் சங்கமும் மாற்றுத்திறனாளிகளும் ஒரே பக்கத்தில் வாதிகளாக நின்றார்கள். நீதிமன்றம் தடை விதித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் சந்தேகித்தவர்கள் இவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வேதனையான ஒரு பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த லோக்கல் பின்னர் வேறு கிளைகளோடு சேர்ந்து லோக்கல் 6434 என்று பெரிதாகி, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரை உடையதாயிற்று. அதன் தலைவராயிருந்த டைரோன் ஃப்ரீமன் சங்கப் பணத்தைத் தன் சுயநலத்துக்குச் செலவழித்த செய்தியை 2008-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2013-இல் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு 33 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். மணிக்கு ஒன்பது டாலர் சம்பாதிக்க நோயாளியைத் தூக்கித் தன் முதுகை வருத்திக்கொண்ட பெண்களின் சந்தாப் பணம் அது. கணக்கு கேட்கப்படாத பணப்பெட்டி எங்கே இருந்தாலும் இதுவே நடக்கும்; சங்கமானாலும் சபையானாலும் சரி. அந்தச் சங்கம் அழிந்துபோகவில்லை என்பது ஆறுதல். 2015-இல் பல கிளைகள் ஒன்றிணைந்து மாநிலமளாவிய லோக்கல் 2015 உருவாயிற்று. பல இலட்சம் பராமரிப்புப் பணியாளர் அதில் உறுப்பினராக இருக்கிறார்கள்.

நாடு முழுவதற்குமான சட்டமும் இவர்களை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. 1974-இல் அமெரிக்கக் கூலிச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு விரிவாக்கப்பட்டபோது, முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் 'துணையாக இருப்பவர்கள்' விலக்கப்பட்டார்கள். அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி மாலையில் வந்து பாட்டியோடு பேசிக்கொண்டிருப்பதுபோல் இதை எண்ணிவிட்டார்கள் போலும்! நியூயார்க்கில் எவிலின் கோக் என்ற ஜமைக்காக்காரப் பெண் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்து, மிகைநேர வேலைக்குரிய கூலி தரப்படவில்லை என்று வழக்காடினார். உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒருமனதாக அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அவர் 2009-இல் மரித்தார். விதி மாற்றப்பட்டது 2013-இல், 2015-இல் அமலாயிற்று. கலிபோர்னியாத் திட்டத்தில் 2016 பிப்ரவரியிலிருந்து மிகைநேரக் கூலி வழங்கப்படுகிறது. அதனோடு ஒரு கட்டும் வந்தது: ஒன்றுக்கு மேற்பட்டவரைப் பராமரிப்பவர் வாரத்துக்கு 66 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது. இரண்டு ஊனமுற்ற பிள்ளைகளைத் தானே பராமரிக்கும் தாய்க்கு இது இடறலாயிருந்தபடியால், பின்பு சில விலக்குகள் சேர்க்கப்பட்டன. 2025-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை அந்த 2013-ஆம் ஆண்டு விதியையே திரும்பப் பெறும் முன்மொழிவை வெளியிட்டது. பெற்றது பெற்றதாகவே நிற்கும் என்று எவரும் உறங்கிவிட முடியாது.

இல்லினாய் மாநிலத்தில் எழுந்த ஒரு வழக்கையும் சொல்லாமல் விடக்கூடாது. ஊனமுற்ற தன் மகனைப் பராமரித்து அரசுக் கூலி பெற்ற ஒரு தாய், "நான் விரும்பாத சங்கத்துக்கு என் கூலியிலிருந்து ஏன் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டார். 2014-இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு எதிர் நால்வர் என்ற அளவில், அவர் பக்கம் தீர்த்தது. சங்கத்தில் சேராத பராமரிப்புப் பணியாளரிடம் கட்டணம் பிடிக்கலாகாது என்றாயிற்று. சங்கங்களுக்கு அது பெரிய அடி. ஆனாலும் அந்தத் தாயின் கேள்வியை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மனமுவந்து சேருகிறவர்களைக் கொண்டே சங்கம் நிற்க வேண்டியதாயிற்று. அது சங்கத்தாரை மறுபடியும் கதவு கதவாக நடக்க வைத்தது.

நம் பட்டணங்களில்

நம் நாட்டுக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர் மாற்றுத்திறனாளிகள். 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'பராமரிப்பாளர்' என்ற சொல்லுக்கே விளக்கம் தருகிறது: கூலி பெற்றோ பெறாமலோ பராமரிக்கிறவர், பெற்றோரும் குடும்பத்தாரும் உட்பட. அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை தரும் திட்டங்களை வகுக்கும்படி அரசுகளுக்கு அது சொல்கிறது. நல்ல வார்த்தைகள்தாம். கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தில் படுக்கையில் கிடப்போரைப் பராமரிக்கிறவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வகுத்தார்கள். அந்தத் தொகையைக் கொண்டு இன்றைக்குப் பட்டணத்தில் ஓர் ஆளை இரண்டு நாள் வைத்துக்கொள்வதும் கடினம்.

கலிபோர்னியாவில் சங்கம் முதலாளியாக நிறுத்த ஓர் அரசாவது இருந்தது; பணம் அரசுப் பணம். இங்கே பணம் தருவது பெரும்பாலும் அந்தக் குடும்பமே. அந்தக் குடும்பமும் பல வேளைகளில் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பம். ஊனமுற்ற பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போயாக வேண்டிய தாய். அவளைப் பெருமுதலாளி என்று எதிர்த்துக் கொடி பிடிப்பதில் அர்த்தமில்லை. இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்று கமிஷன் எடுக்கிற ஏஜென்சியும், இருவருக்கும் கைகொடுக்காத அரசுமே கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் சங்கம் பராமரிக்கப்படுகிறவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட வழி இங்கே இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

நம் நாட்டில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் வீட்டுப் பணியாளர் என்ற வரிசையில்தான் எண்ணப்படுகிறார்கள். அவர்களை ஒன்றுசேர்க்கும் முயற்சி புதிதல்ல. பெல்ஜியத்திலிருந்து வந்து தமிழ்நாட்டில் பணிசெய்த ஜான் டெவோஸ் என்ற கன்னியாஸ்திரீ 1985-இல் மும்பையில் தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கினார். 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கென்று 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆனால் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2025 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்குக் கட்டளையிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிற தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, தொழில் என்பதன் விளக்கத்திலிருந்து வீட்டு வேலையை விலக்கியிருக்கிறது. ஆயினும் சங்கம் பதிவு செய்யும் பகுதியில் அமைப்புசாராத் தொழிலாளரையும் சேர்த்திருக்கிறது. அதாவது சங்கமாகச் சேரலாம். தகராறு என்று வந்தால் தொழில் தகராறாக அதை நடத்துவது கடினம். மறுபடியும் அந்தப் பழைய கேள்விதான், முதலாளி யார்?

சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் சிலர் முகம் சுளிக்கிறோம். "நோயாளியைப் பராமரிப்பது ஊழியமல்லவா? ஊழியத்துக்குக் கூலி பேசலாமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யாதவர்களாகவும், அதைச் செய்ய ஆள் வைத்திருக்கிறவர்களாகவும் இருக்கக் காண்கிறேன்.

சங்கம் உருவாகும்வரை காத்திருக்க வேண்டாத சில காரியங்களும் உண்டு. 16 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்டவர்கள், 2021-இல் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். வேலை செய்கிற வீட்டில் ஒருவன் தவறாக நடந்தால், 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அந்த வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். ஏஜென்சியில் சேருகிறபோது அவர்கள் வீட்டாரிடம் எவ்வளவு வாங்குகிறார்கள், உங்களுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையின் நகலைக் கொடுக்கலாம், அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கலிபோர்னியாவில் பணியாளரின் மணிக்கணக்குச் சீட்டில் அவளும் அவளால் பராமரிக்கப்படுகிறவரும் இருவருமே கையொப்பமிட வேண்டும் என்பது வழக்கம். இங்கே அப்படி ஒரு சீட்டு கிடையாது. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், அந்த மாதம் கைக்கு வந்த தொகை எவ்வளவு என்று எழுதிவையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை வீட்டாரிடம் கையொப்பம் வாங்குங்கள். ஆள் வைத்திருக்கிற குடும்பத்தார் இதை வாசித்தால், அவள் கேட்குமுன் நீங்களே அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள்.